தலைவர் வீட்டுப் புல்

க்ரெய்ட் ஊரில் எவன் வீட்டுப் பரணில் ஈரப் புல் ஏறினாலும் ஓட்மாருக்கு மூக்கில் வேர்த்துவிடும். ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் தீயணைப்புப் படைக்கு அவன்தான் தலைவன். ஒவ்வொரு கோடையிலும் அறுப்புக்கு முன்னால் பீர்க்கடையின் பின்னறையில் விவசாயிகளை உட்காரவைத்துப் பாடம் எடுப்பான். சரியாகக் காயாத புல்லைக் கட்டி அடுக்கினால் அது உள்ளுக்குள்ளேயே புழுங்கி, சூடேறி, ஒரு நாள் தானாகப் பற்றிக்கொள்ளும் என்பது அங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தாலும் ஓட்மார் வாயால் கேட்டாக வேண்டும். சந்தேகம் வந்தால் உடனே படையைக் கூப்பிடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஒவ்வொரு முறையும் முடிப்பான்.

கூப்பிட்டவனை அடுத்த பிப்ரவரியில் முகமூடித் திருவிழா மேடையில் எதுகை மோனையோடு பாட்டுக் கட்டிக் கிழிப்பவனும் அவனே. கடைசியாக மாட்டிக்கொண்டது ஃபீட்டுஸ் என்ற விவசாயி. பாட்டு பாதி நடக்கும்போதே ஃபீட்டுஸின் மனைவி மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அதற்கப்புறம் க்ரெய்ட்டில் யாரும் படையைக் கூப்பிடவில்லை. தன் பாடத்தைக் கேட்டு ஊரே திருந்திவிட்டது என்று ஓட்மார் மாவட்டக் கூட்டத்தில் பேசிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்தான்.

அவன் மனைவி புர்கலுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பரணில் வந்த வாசனை புதிதல்ல. சின்ன வயதில் பக்கத்துப் பண்ணை எரிவதற்கு முதல் நாள் அதே வாசனை வந்தது. புகையிலையை வெல்லப்பாகில் போட்டு வறுத்த மாதிரி. கோழிகள் பரணில் முட்டையிட்டிருக்கின்றனவா என்று பார்க்கத்தான் ஏறினாள். முட்டைகளை மறந்துவிட்டு, நடுவில் இருந்த அடுக்கின்மேல் உள்ளங்கையை வைத்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ரொட்டி மாதிரி இருந்தது.

பரணுக்கு நேர் கீழே தொழுவம். வெளியே மாட்டு ஈ பிடுங்குகிற வெயில் என்பதால் பசுக்கள் எல்லாம் உள்ளேதான் இருந்தன. மூலையில் இரண்டு குதிரைகள். வாடகைக்கு இடம் பிடித்திருக்கும் வீப்கே என்ற பெண்ணுடையவை. பரணின் தரை பழைய பலகை. மேலே பற்றினால் கீழே வர ஒரு தும்மல் நேரம் போதும்.

புல் எப்படி ஏறியது என்று அவளுக்குத் தெரியும். அடுக்கியவளே அவள்தானே. அது குதிரைக்கென்று விட்டு வைத்த புல். மாட்டுக்கு இளசாக அறுப்பார்கள். குதிரைக்கு முற்றித் தண்டு தடித்த பிறகுதான் அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் குளம்பு வீங்கும், வயிறு வலிக்கும், வீப்கே அழுவாள். தடித்த தண்டில் ஒரு சூழ்ச்சி உண்டு. இலை காய்ந்து சலசலக்கும், ஆனால் கணுவில் ஈரம் உட்கார்ந்திருக்கும். கட்டுவதற்கு முன்னால் புர்கல் ஒரு தண்டை எடுத்து நகத்தால் கணுவைச் சுரண்டினாள். பச்சைத் தண்ணீர் நகத்தில் ஒட்டியது. அதைக் கொண்டுபோய் டிராக்டரில் உட்கார்ந்திருந்த ஓட்மாரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இன்னொரு நாள் வெயில் வேணும்."

"நாளைக்கு மழை."

"அப்போ எங்கல்பெர்ட்ட வரச்சொல்லி பிளாஸ்டிக்ல சுத்து. ஈரமா இருந்தா என்ன, புளிச்சுப்போய் மாட்டுக்காவது ஆகும்."

அதைச் சொன்னதுதான் தாமதம், ஓட்மார் புல்லைக் கட்டும் பேலர் மெஷினை முடுக்கிவிட்டான். எங்கல்பெர்ட் பக்கத்து ஊரான மூஸில் இருப்பவன். அந்த ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவனும்கூட. சுற்றும் மெஷின் அந்த வட்டாரத்தில் அவனிடம்தான் இருந்தது. முந்தின வாரம்தான் ஓட்மார் பீர்க்கடையில் எல்லோர் முன்னாலும், "வானத்தைப் பாக்கத் தெரியாதவன்தான் புல்லுக்குப் பிளாஸ்டிக் சட்டை தைப்பான்" என்று எங்கல்பெர்ட்டைப் பார்த்துச் சொல்லியிருந்தான். சொன்ன வாயோடு அவன் வாசலில் போய் நிற்க முடியுமா? முடியாது. அதனால் ஈரப் புல் கட்டுக்கட்டாக வந்து விழுந்தது. கட்டுகள் வழக்கத்தைவிடக் கனத்தன. புர்கல் முணுமுணுத்துக்கொண்டே அடுக்கினாள். முணுமுணுப்பதற்குப் பதிலாக அன்றைக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம்.

இப்போது அவள் கீழே இறங்கிச் சமையலறைக்குப் போனாள். ஓட்மார் தேவாலயப் பூசைக்குப் போட்டுக்கொண்ட வெள்ளைச் சட்டையோடு பன்றி வறுவலை வெட்டிக்கொண்டிருந்தான். படைக்கு அழைப்பு வந்தால் அலறும் பேஜர் வழக்கம்போல இடுப்பில் தொங்கியது. குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவான்.

"புல் வெந்துட்டு இருக்கு."

"வேர்க்குது. புதுப் புல்லுன்னா வேர்க்கும்."

"வேர்க்கிறதுக்கும் வேகுறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். வந்து பாரு."

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, பெரிய மனதோடு எழுந்து வந்தான். பரணில் எப்போதும் சாத்தி வைத்திருக்கும் நீள இரும்புக் கம்பியை அடுக்கின் நடுவில் செருகினான். கம்பி சூட்டை வாங்கட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். கம்பியை உருவி முனையைப் பிடித்தவன் "ஸ்ஸ்" என்று கையை உதறினான்.

"கம்பி வெயில்ல கிடந்திருக்கு" என்றான்.

"பரணுக்குள்ள எங்கய்யா வெயில் வந்துச்சு?"

அவன் காரை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது பின்சீட்டில் ஒரு போர்வை நீளமாகப் படுத்திருந்தது. போர்வைக்குள் படையின் ஈட்டி. முனையில் வெப்பமானி வைத்தது. நிலையத்தின் சாவி அவனிடம்தான் இருந்தது. எந்த விவசாயி கேட்டாலும் ஆறு பேர் சீருடையில் வண்டியோடு வந்து குத்திப் பார்க்கிற அந்த ஈட்டியை, தன் வீட்டுக்கு மட்டும் கள்ளச்சாராயம் மாதிரி ஒளித்துக் கொண்டுவந்தான்.

குத்தினான். முள் ஏறியது. அவன் முதுகைக் காட்டி மறைத்து நின்றதால் புர்கல் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டுப் பார்த்தாள். எழுபத்தாறு டிகிரி. எழுபதைத் தாண்டினால் மணியடி என்று பீர்க்கடைப் பாடத்தில் கரும்பலகையில் சிவப்பில் எழுதுபவன் இவன்தான்.

"கருவி கெட்டுப்போச்சு" என்றான் ஓட்மார்.

"போன மாசம் நீதானே சோதிச்சுக் கையெழுத்துப் போட்ட?"

"புர்கல், கேளு. நாம ரெண்டு பேரும் நடுக்கட்டுகள மெதுவா உருவி வெளிய தள்ளிடலாம். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுடும். ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது."

அவள் அவனையே பார்த்தாள். வெந்த அடுக்கைத் தண்ணீர் ஏற்றிய குழாய் பக்கத்தில் இல்லாமல் உருவினால் காற்றுப் புகுந்து முகத்திலேயே பற்றும். இதுவும் அவன் பாடத்தில் இருப்பதுதான். தலைக்குள் இருந்த அத்தனை பாடமும், நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயத்துக்கு முன்னால் ஒரு தம்படிக்குப் பெறவில்லை.

"நீ உருவு. நான் மாட்ட அவுக்கறேன்" என்று இறங்கினாள்.

தொழுவ வாசலில் வீப்கே நின்றுகொண்டிருந்தாள். வடக்கே ஹாம்பர்க் நகரத்துப் பக்கத்திலிருந்து வந்து இந்த மலையடிவாரத்தில் வீடு வாங்கியவள். சவாரிக்கான காலணியும் தோல் கையுறையும் போட்டு, கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

"ஆஹா, என்ன ஒரு வாசனைங்க! கேக் ஏதாவது செய்யறீங்களா?"

"உன் குதிரைகளோட தீனி வேகுது. ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு ஆத்தங்கரைக்கு ஓடு."

"இப்பவா? லோட்டேவுக்கு இந்த வெயில் ஒத்துக்காதுங்க. அவளுக்குத் தோல் ரொம்ப மென்மை."

"நெருப்பு ஒத்துக்குமா?"

வீப்கே அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். அதற்குள் ஓட்மார் பரணுக்கு டிராக்டர் ஏறும் சரிவுப் பாதை வழியாக இறங்கி வந்து, மேடையில் காட்டும் சிரிப்பைக் காட்டினான். "பயப்படாதீங்க மேடம். சின்ன ஒரு ஒத்திகை. வருஷா வருஷம் பண்ணுவோம்."

ஒத்திகை என்றதும் வீப்கேவுக்கு நிம்மதியாகிவிட்டது. சேணத்தைத் துடைக்கத் துணி தேட ஆரம்பித்தாள்.

புர்கல் கைபேசியை எடுத்து அவசர எண்ணை அழுத்தினாள். பண்ணையின் பெயரைச் சொன்னாள், வெப்பத்தைச் சொன்னாள், கீழே உயிர்கள் இருப்பதைச் சொன்னாள். சொல்லி வாய் மூடுவதற்குள் ஓட்மாரின் இடுப்பு அலறியது. அவன் பேஜரை இரண்டு கையாலும் பொத்தினான். அது விரல் இடுக்கு வழியாகத் தன் பாட்டுக்கு அவன் பண்ணையின் பெயரையே வாசித்தது.

"என்ன காரியம் பண்ணிட்ட!" என்றான். பிறகு புர்கல் நினைத்தே பார்க்காத ஒன்றைச் செய்தான். காரின் முன்சீட்டிலிருந்து வாக்கி-டாக்கியை எடுத்துத் தொண்டையைச் செருமினான்.

"கட்டுப்பாட்டறை, க்ரெய்ட் தலைவர் பேசறேன். இடத்துலதான் நிக்கறேன். நேர்ல பாத்துட்டேன். புல் லேசா வேர்க்குது, அவ்வளவுதான். யாரும் வர வேண்டாம். அழைப்பை ரத்து பண்ணிடுங்க."

சரி என்றது மறுமுனை. ஏன் சொல்லாது? படைத்தலைவர் நேரில் பார்த்துச் சொல்கிறார். மாவட்டமே கைதட்டிய ஆள்.

புர்கல் கத்தவில்லை. முற்றத்தின் கோடிக்கு நடந்து போய், எங்கல்பெர்ட் வீட்டு எண்ணைப் போட்டாள்.

"யாரு?" தட்டில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

"க்ரெய்ட்ல இருந்து புர்கல். எங்க பரண் எழுபத்தாறுல நிக்குது."

"உன் புருஷன் எங்க போனான்?"

"இங்கதான் இருக்கான். ஒண்ணும் இல்லன்னு ரேடியோல சொல்லி நிறுத்திட்டான்."

கரண்டிச் சத்தம் நின்றது. "இன்னைக்கு வாத்து வறுவல் புர்கல்."

"வாயில இருக்கிறத முழுங்கிட்டு வா."

திரும்பியபோது ஓட்மார் பின்னாலேயே நின்றான். முகம் சாம்பலாகியிருந்தது. "மூஸ்காரனையா கூப்பிட்ட? அதுக்கு நீயே ஒரு தீக்குச்சியக் கிழிச்சுப் போட்டிருக்கலாம்."

"அதுக்குத்தான் நீ இருக்கியே" என்று சொல்லிவிட்டு அவள் தொழுவத்துக்குள் போய்ப் பசுக்களின் கழுத்துச் சங்கிலியைக் கழற்ற ஆரம்பித்தாள். வீப்கேவின் கையில் இரண்டு குதிரைகளின் கயிற்றையும் திணித்து முதுகில் கைவைத்துத் தள்ளினாள். பசுக்கள் முட்டி மோதிக்கொண்டு புல்வெளிக்கு ஓடின. ஓட்மார் எதையும் அவிழ்க்கவில்லை. நடு முற்றத்தில் வாக்கி-டாக்கியைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தபடி நின்றான், வரப்போகிற வண்டியை முறைத்தே திருப்பி அனுப்பிவிடலாம் என்பதுபோல.

மூஸ் வண்டி வந்தது. அதன் பின்னாலேயே, கட்டுகளைத் தூக்கும் இரும்புக் கவ்வி பூட்டிய டிராக்டரில் எங்கல்பெர்ட். சாப்பாட்டுக்குக் கழுத்தில் செருகிய துணியைக்கூட எடுக்காமல் வந்திருந்தான். மூஸ் வண்டியின் ஊதல் கேட்டு க்ரெய்ட் ஆட்களும் ஒவ்வொருவராகச் சைக்கிளிலும் காரிலும் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஃபீட்டுஸும் இருந்தான். அவன் வேலியோரம் நின்று வாயைத் திறக்காமல் பார்த்தான். ஓட்மாருக்கு அதுதான் அதிகம் எரிந்திருக்கும்.

எங்கல்பெர்ட் முதலில் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொன்னான். பிறகு பரணுக்குப் போய் ஈட்டியைக் குத்திப் பார்த்துவிட்டு இறங்கி, ஓட்மாருக்கு எதிரில் இடுப்பில் கைவைத்து நின்றான்.

"தலைவரே, உங்க ஊரு எல்லைக்குள்ள வந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஒரு சந்தேகம். குழாய்ல தண்ணி ஏத்தாம நடுக்கட்ட உருவலாமா?"

ஓட்மார் வாக்கி-டாக்கியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"பசங்க புதுசு. பெரியவங்க வாயால கேட்டா மனசுல நிக்கும்."

"கூடாது" என்றான் ஓட்மார்.

"ஏன் தலைவரே?"

"காத்துப் போகும்."

"போனா?"

"எங்கல்பெர்ட், பரண் வேகுறப்போவா இத வெச்சுக்கறது?" என்று புர்கல் குறுக்கே புகுந்தாள். "அப்புறம் எவ்வளவு வேணா பரீட்சை வை. நானும் வந்து கேள்வி கேக்கறேன்."

மூஸ் பையன்கள் சிரித்தார்கள். எங்கல்பெர்ட் கழுத்துத் துணியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு வேலை சொன்னான். ஓட்மாரின் கையில் முற்றத்துக் குழாயைக் கொடுத்து, "இங்க நில்லு. நான் சொன்னா மட்டும் அடி" என்றான். ஓட்மார் அங்கேயே நின்றான்.

டிராக்டர் சரிவில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. முதலில் வந்த கட்டுகள் பச்சையாகவே இருந்தன. ஓட்மாரின் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. அடுத்தவை தேயிலைத் தூளின் நிறம். அதற்கடுத்தவை கறுப்பு. கயிறு கருகி அறுந்து, கட்டுகள் காற்றிலேயே பிரிந்து ஆவி விட்டன. கவ்வி நடு அடுக்கின் அடியைக் கிளப்பி வெளியே கொண்டுவந்ததும், அந்தக் கறுப்புக் குவியல் ஒரு முறை மூச்சு வாங்கிய மாதிரி விரிந்து சட்டென்று பற்றியது. தீ டிராக்டரின் கூரை உயரத்துக்கு எழுந்தது.

"அடி!" என்று எங்கல்பெர்ட் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே கத்தினான்.

ஓட்மார் அடித்தான். நன்றாகவே அடித்தான். அந்த வேலை அவனுக்குத் தெரியும். பரணுக்குள்ளும் ஒரு மூலையில் பலகை புகைந்தது. மூஸ் பையன்கள் ஏறி அதை வெட்டி எடுத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கி, முற்றம் முழுக்கக் கறுப்புக் கஞ்சி ஓடியது. கூரை நின்றது. தொழுவம் நின்றது. குதிரைகளுக்கென்று வைத்த புல்லில் ஒரு கைப்பிடிகூட எந்த மிருகத்தின் வாய்க்கும் ஆகாது.

வீப்கே ஆற்றங்கரையிலிருந்து திரும்பி வந்து பார்த்தாள். "இவ்வளவு பெரிய ஒத்திகையாங்க?" என்று கேட்டாள்.

எங்கல்பெர்ட் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். இப்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை. "அறிக்கை எழுதணும். ரத்து பண்ணது யாருன்னு கட்டுப்பாட்டறை கேக்கும். எதுக்காகன்னும் கேக்கும். கீழ மாடு கட்டியிருந்த நேரத்துல."

ஓட்மார் குழாயைக் கீழே வைத்தான். புர்கல் பக்கம் திரும்பி, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், "நீ பதட்டத்துல கூப்பிட்டுட்டு, அப்புறம் நீயே வேண்டாம்னு சொல்லச் சொன்னேன்னு சொல்லிடு. உன்ன யாரு என்ன சொல்லப்போறாங்க? நான் தலைவர் பதவில இருக்கறவன்" என்றான்.

பரண் வெந்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. இத்தனைக்குப் பிறகும் அவன் காப்பாற்றப் பார்த்தது அந்த ஒரு சொல்லைத்தான். தலைவர்.

"எழுதிக்கோ எங்கல்பெர்ட்" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "ரத்து பண்ணது என் புருஷன். எதுக்குன்னா, நீங்கல்லாம் சிரிப்பீங்கன்னு. ஈரப் புல்லக் கட்டினது அவன், தெரிஞ்சே அடுக்கினது நான். ரெண்டையும் எழுது."

வேலியோரத்தில் யாரோ இருமினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஓட்மார் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பான்.

க்ரெய்ட் ஆட்கள் கலைந்து போனார்கள். மறுபடி புகையாமல் பார்த்துக்கொள்ள எங்கல்பெர்ட் தன் பையன்களில் சிலரோடு தங்கினான். சாயங்காலம் பால் கறக்கிற நேரம் ஆனது. புர்கல் பசுக்களை ஓட்டிவந்தாள். அவை தொழுவ வாசல் வரை வந்து, கருகல் வாசனை மூக்கில் ஏறியதும் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டன. இழுத்தாலும் தள்ளினாலும் ஒன்றும் நகரவில்லை. ஓட்மார் வழக்கமான குரலில் அதட்டினான். பசுக்கள் அவனைப் பார்த்தன, திரும்பின, புல்வெளிக்கே போய்விட்டன. உள்ளே போயிருந்தாலும் பயனில்லை. மின்சாரம் இல்லாமல் கறக்கும் மெஷின் ஓடாது. மடி நிரம்பிய பசுக்கள் வேலியோரம் நின்று கத்த ஆரம்பித்தன.

புர்கல் வீட்டுக்குள் போய், ஜாம் காய்ச்சும் பாத்திரம் உட்படக் கிடைத்த வாளிகளையெல்லாம் கொண்டுவந்தாள். ஒன்றை ஓட்மாரின் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"கையாலயா?" என்றான்.

"வாயாலதான் இத்தன வருஷமும் எல்லாத்தையும் பண்ணிட்டியே."

எங்கல்பெர்ட் கேட்காமலேயே ஒரு வாளியை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டையோடு ஒரு பசுவின் அடியில் குந்தினான். அவன் வாளியில் பால் உடனே இரைந்தது. ஓட்மார் பழுப்புப் பசு ஒன்றின் அருகே விறகுக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து, காம்பைப் பிடித்து இழுத்தான். ஒரு சொட்டும் வரவில்லை. பசு வாலால் அவன் வாயிலேயே அடித்தது. வண்டியின் படியில் உட்கார்ந்திருந்த மூஸ் பையன்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின.

"சிரிக்கறானுங்க" என்றான் ஓட்மார்.

"சிரிக்கட்டும். விரல மேல இருந்து ஒண்ணொண்ணா மூடு. இழுக்காத."

"புர்கல், கட்டுப்பாட்டறைக்கு நான் வேற மாதிரி விளக்கம்…"

"கற" என்றாள் அவள்.